வந்து சேராத கடிதங்களையும் எண்ணுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உலகத்தில் யாராக இருந்தாலும் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர் என்று ஆறு கை மாறினால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ஆசையாகப் படித்தேன். ஆனால் அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்பதைப் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். மீதிப் பாதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

1960களில் அமெரிக்காவில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் நடத்திய சோதனை அது. பாஸ்டனில் வேலை பார்த்த ஒரு பங்குத் தரகருக்குக் கடிதம் போய்ச் சேர வேண்டும். 296 பேரிடமிருந்து தொடங்கினார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் தொலைவில் இருக்கிற நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர்கள். தரகரை நேரடியாகத் தெரியாதவர்கள், அவரைத் தெரிந்திருக்கலாம் என்று தோன்றுகிற, தனக்குப் பழக்கமான ஒருவருக்குத்தான் அனுப்பலாம். அப்படிக் கைமாறி வந்து சேர்ந்த கடிதங்களில், தொடங்கியவருக்கும் தரகருக்கும் நடுவே சராசரியாக ஐந்து பேர் சொச்சம் இருந்தார்கள், அதாவது ஏறக்குறைய ஆறு கைமாற்றம். ஆறு என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான்.

சரி, எத்தனை கடிதம் வந்து சேர்ந்தது? 64. தொடக்கத்திலேயே 79 பேர் யாருக்கும் அனுப்பவே இல்லை. மற்றவை வழியில் யாரோ ஒருவர் கையில் நின்றுபோயின. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் இதையே மின்னஞ்சலில் செய்து பார்த்தபோது 24,000க்கும் மேற்பட்ட சங்கிலிகள் கிளம்பி 384தான் முடிந்தன. ஏன் அனுப்பவில்லை என்று கேட்டதற்கு, அனுப்பத் தோதான ஆள் யாரும் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர்கூட இல்லையாம். அப்படியென்றால் ஆள் இல்லாமல் சங்கிலி அறுவதில்லை, நாம் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதால் அறுகிறது. இது தெரிந்த நாளிலிருந்து என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் என் நாத்தனாரின் அறுவை சிகிச்சைக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டோம், எல்லோரும் ஓடியாடினார்கள், ஆனால் ஒருவருக்குத் தெரிந்தவர்தான் அடுத்தவருக்கும் தெரிந்தவர், சுற்றிச் சுற்றி அதே பத்துப் பேரிடம் வந்து நின்றோம். கடைசியில் எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் அண்ணன்தான், துணி வாங்கப் போன வீட்டிலெல்லாம் சொல்லி, ஒரு வங்கி ஊழியர் காதில் விழுந்து, அவருடன் வேலை செய்கிறவரின் தம்பி அன்று சாயங்காலமே வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973லேயே இதை எழுதியிருக்கிறார், நெருங்கியவர்களைவிட லேசாகப் பழகியவர்கள்தான் நம்மை வேறொரு வட்டத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள் என்று. அந்த பாஸ்டன் சோதனையிலும், வந்து சேர்ந்த 64இல் 16 கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தவர் தரகர் குடியிருந்த ஷாரன் என்ற சிற்றூரில் துணிக்கடை வைத்திருந்த ஒரே ஒருவர். அதைப் படித்ததும் எனக்கு எங்கள் இஸ்திரி அண்ணன் முகம்தான் வந்தது. அவருக்கு நாங்கள் ஒன்றும் உறவு இல்லை, அவர் பேசாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்கவும் மாட்டோம்.

2016இல் ஃபேஸ்புக் தன் பயனாளர்களிடையே கணக்குப் பார்த்து, எந்த இரண்டு பேருக்கும் நடுவே சராசரியாக மூன்றரைப் பேர்தான் என்று சொன்னது. இருக்கட்டும். அது நட்புப் பட்டியலை வைத்துப் போட்ட கணக்கு, ஒரு உதவியைக் கேட்டால் அந்த மூன்று பேரும் அடுத்தவருக்குச் சொல்வார்களா என்பது அதில் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதினால், ஆறு என்று போடுகிற இடத்திலேயே 296க்கு 64 என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி