படத்தின் பின்பக்கம்

அன்பு மகளுக்கு,

"படம் எடுத்தது போதாதா, உட்கார்ந்து எழுதவும் வேண்டுமா அப்பா?" என்று போனில் அலுத்துக்கொண்டாய். அன்றிலிருந்து எனக்குப் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் பியர் வெர்ஜே நினைவாகவே இருக்கிறது.

1902இல் பாரிஸில் வசதியான வீட்டில் பிறந்தவர். 1932இல் தாயாரும் போய்ச் சேர்ந்தபின் ரோலிஃப்ளெக்ஸ் கேமராவோடு கிளம்பினார். நாடு நாடாகச் சுற்றி, 1946இல் பிரேசிலின் சால்வடோர் நகரத்தில் வந்து இறங்கியவருக்கு அந்த ஊரை விட மனசு வரவில்லை.

அந்தக் கேமராவை நீ கையில் பிடித்ததில்லை. வயிற்றருகே வைத்துக்கொண்டு, தலைகுனிந்து, மேலே இருக்கும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். எடுப்பவர் முகம் மறையாது. அவர் படங்களில் இருப்பவர்கள் கூச்சமில்லாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

சால்வடோரின் கறுப்பின மக்கள் கும்பிடும் ஒரிஷா தெய்வங்களின் வேரைத் தேடி, அவர்களுடைய முன்னோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கக் கரைக்குப் போனார். உதவித்தொகை கொடுத்த, செனகலின் டாக்கர் நகர ஆய்வு நிறுவனத்திடம் 2,000 நெகட்டிவ்களை ஒப்படைத்தார். இது போதாது, பார்த்ததை எழுதிக் கொடுங்கள் என்றுவிட்டார்கள். உன்னைப் போலவே வேண்டாவெறுப்பாகத்தான் பேனாவை எடுத்தார். 17 வயதில் படிப்பை விட்ட மனிதருக்கு 1966இல் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. பட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று: சால்வடோரில் 'சென்யோரா அம்மா' என்று எல்லாரும் கூப்பிட்ட தலைமைப் பூசாரிக்கு, இன்றைய நைஜீரியாவிலுள்ள ஓயோவின் அரசர் மரியாதைப் பட்டம் கொடுத்து எழுதிய கடிதத்தை, 1952இல் கடல் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான்.

பீரோவில் உன் பாட்டியின் படம் இருக்கிறதே, வழிப்போக்கர் யாரோ எடுத்து அனுப்பியது. பாட்டியின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி நிற்கிறாள். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒரு எழுத்து இல்லை. அந்தப் பிள்ளை யாரென்று சொல்ல இப்போது ஒருவரும் உயிரோடு இல்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வாரம் நீ அனுப்பிய படத்தில் வலை பின்னுகிற அந்த அம்மா, இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருக்கிறார். காயமா, இல்லை நூல் அறுத்துவிடாமல் இருக்கவா? அவர் பெயர் என்ன? எழுது. அவருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா