போண்டா கோயில்களின் மூல ஊர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவா சுற்றுலா பற்றிய தங்கள் ஞாயிறு மலர்க் கட்டுரை மங்கேஷி, சாந்ததுர்கா, மகாலசா கோயில்களைப் போண்டா வட்டாரத்தின் ஆதிக் கோயில்கள் என்கிறது. மூன்று தெய்வங்களுமே அங்கு அடைக்கலம் புகுந்தவை.

போர்த்துகீசியர் 1510இல் கோவா தீவையும், 1543இல் சால்செட், பர்தேஸ் பகுதிகளையும் கைக்கொண்டனர். 1560இல் கத்தோலிக்க நெறியிலிருந்து விலகுவோரைத் தண்டிக்கும் மத விசாரணை மன்றம் வந்தது. கோயில்கள் இடிபடுவதைக் கண்ட ஊரார் சுவாமியை எடுத்துக்கொண்டு ஜுவாரி ஆற்றுக்கு அக்கரை சென்றனர். கோர்டாலிம் எனப்படும் குஷஸ்தலியின் மங்கேஷர் பிரியோலிலும், கேளோஷியின் சாந்ததுர்கை கவ்ளேயிலும், வெர்ணாவின் மகாலசை மார்டோலிலும் எழுந்தருளினர். போண்டா அடங்கிய அந்த அக்கரை அப்போது பிஜப்பூர் சுல்தானின் ஆட்சிப் பகுதி. புகலிடமானது ஒரு முஸ்லிம் அரசின் எல்லை என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். அதே வட்டாரத்துப் பந்திவடேயின் நாகேஷி கோயிலோ இடம் மாறாதது. 1413ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது.

சுவாமியைக் கொண்டுவர முடிந்தவர்களால் கோயில் நிலத்தைக் கொண்டுவர முடியவில்லை. மானியங்கள் பறிமுதலாகிக் கிறிஸ்தவ அமைப்புகளுக்குப் போயின. புது இடத்தில் பூஜையைத் தாங்கியவர்கள் 'மகாஜன்' எனப்படும் உரிமைக் குடும்பத்தார். இன்ன ஊர், இன்ன வம்சம் என்பதே அந்த உரிமைக்கு ஆதாரம். அதனால்தான் மங்களூரு, கொச்சி வரை சிதறிப்போன கொங்கணிக் குடும்பங்களும் குலதெய்வத்தைக் கோவா கிராமத்தோடு சேர்த்தே சொல்கின்றன.

மதம் மாறியவர்களை இந்த வரலாற்றிலிருந்து விலக்குவதும் தவறு. கிராமக் கூட்டு நிலத்தின் வருவாயில் ஊரை நிறுவிய குடும்பங்களான காவ்கர்களின் ஆண்களுக்குரிய 'ஜோன்' பங்கு அவர்களுக்கும் தொடர்ந்தது. வம்ச அடையாளமும் தொடர்ந்தது. 1736இல் விசாரணை மன்றம் ஒரு நீண்ட தடைப் பட்டியலை வெளியிட்டது. வீட்டில் துளசி வளர்க்கக் கூடாது, வேட்டி கட்டக் கூடாது, நாம் வடிப்பதைப் போல உப்பில்லாமல் சோறு வடிக்கக் கூடாது. பல தலைமுறைகள் கழிந்தும் கிறிஸ்தவ வீடுகளில் இவை நடந்துகொண்டிருந்ததால்தான் தடை தேவைப்பட்டது. போர்த்துகீசிய அரசின் 1684 ஆணையோ, மூன்றாண்டுக்குள் கொங்கணியை விட்டுப் போர்த்துகீசியம் பேசச் சொன்னது. 1987 முதல் கோவாவின் ஆட்சிமொழி கொங்கணி.

சால்செட் பகுதியின் குங்கோலி ஊரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லையே என்பது பெரிய வருத்தம். அங்கே 1583 ஜூலை 15 அன்று ஐந்து இயேசு சபையினர் கொல்லப்பட்டனர். பிறகு பேச்சுவார்த்தைக்கு என்று அசோல்னா கோட்டைக்கு அழைக்கப்பட்ட ஊர்த் தலைவர்களை போர்த்துகீசியர் கொன்றனர். அவ்வூர்ச் சாந்ததுர்கை பாத்தர்பாவில் குடிகொண்டாள். இன்றும் ஹோலியை ஒட்டி, 12 வம்சங்களுக்கு 12 குடைகள் சூழ, அவள் தன் பழைய ஊருக்கு வருகிறாள். மதம் மாறிய காவ்கர் குடும்பத்தாரும் அந்தக் குடைத் திருவிழாவில் பங்கேற்கிறார்கள்.

இனி இக்கோயில்களைப் பற்றி எழுதும்போது ஒவ்வொன்றின் பெயருடனும் மூல ஊரின் பெயரையும் சேர்த்து அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்