டென்னிஸ் எல்போ லேசர் கருவி: கதிரே வராத கருவிக்குப் பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். டென்னிஸ் எல்போ எனப்படும் முழங்கை வெளிப்புற வலிக்காக உங்களிடம் வாங்கிய லேசர் கருவியைப் பற்றித் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் பலமுறை முறையிட்டும், ஒவ்வொரு முறையும் புதிய புகார் எண் மட்டுமே கிடைப்பதால், இக்கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் இது 904 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் என்பதால் கதிர் கண்ணுக்குத் தெரியாது என்பதை நீங்கள் அறிவீர்கள். விளக்கை நம்பி, முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் வாரக்கணக்கில் வைத்துவந்தும் வலி இம்மியும் குறையவில்லை. என் பிசியோதெரபிஸ்ட் தம்மிடமுள்ள அளவுமானியில் சோதித்தபோது கதிரின் திறன் சுழியம் என்றே காட்டியது.

இதைச் சொல்லத்தான் செங்கல்பட்டிலிருந்து ரயிலேறி, கிண்டியிலுள்ள உங்கள் சேவை மையத்துக்கு வந்தேன். அங்கிருந்த ஊழியர் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "கண்ணுக்கே தெரியாத கதிர் வரலைன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று எல்லோர் முன்னிலையிலும் சிரித்தார். அளவுமானி முடிவைக் காட்டியபோது, "இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலா வெச்சுப் பாருங்க" என்றார். திறனை நேரத்தால் பெருக்கித்தானே உடலில் சேரும் ஆற்றலின் ஜூல் கணக்கு வருகிறது? திறன் சுழியமென்றால் விடிய விடிய வைத்தாலும் சுழியம்தான். பொறியாளர் அன்று விடுப்பு என்பதைக் கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டபோதே சொல்லியிருக்கலாம்.

நான் தையற்கடை நடத்துகிறேன். கத்தரி பிடிக்க முடியாமல் தீபாவளித் தையல் முழுவதும் கைவிட்டுப் போய், என் பிழைப்பே அழிந்துவிட்டது. மேலும், 3பி வகை (கண்ணுக்கு ஆபத்தான வகை) லேசர் என்று பெட்டியில் அச்சிட்டவர்கள், அதற்குரிய பாதுகாப்புக் கண்ணாடியை ஏன் வைக்கவில்லை? இவ்வகை லேசரால் குறுகிய காலத்துக்கு வலி குறையலாம் என்றே பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். உங்கள் விளம்பரமோ நிரந்தரக் குணம் என்கிறது. அந்தக் குறுகிய கால நிவாரணத்துக்கும் கதிர் வந்தாக வேண்டுமல்லவா?

உங்கள் நிறுவனத்தின்மீது எனக்குத் தனிப்பட்ட பகையில்லை. கருவியை உங்கள் செலவில் எடுத்துச் சென்று, என் முன்னிலையில் அளந்து காட்டி, முழுத் தொகையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதோடு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். அந்த ஊழியரின் சிரிப்பும் மனுவில் இடம்பெறும்.

ரசீது, உத்தரவாத அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்