சென்னையில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, ஒத்தைக்குச் சுற்றி வந்த ஓர் அம்மா எழுதுவது

அன்புள்ள மக்களே,

குரோம்பேட்டை, பெருங்களத்தூர், துரைப்பாக்கம், அம்பத்தூர் என்று சென்னையைச் சுற்றி வாடகைக்குக் குடியிருக்கிற குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். என் மகனுக்கு மட்டும் எழுதினால், "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி அன்றைக்கே மறந்துவிடுவான்.

எனக்கு 59 வயது. தக்கலைப் பக்கம் வீடு. போன மாதம்தான் முதல்முறையாகச் சென்னை பார்த்தேன். இதைச் சொன்னால் அங்கே இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? நாகர்கோவிலிலிருந்து எழும்பூர் 700 கிலோமீட்டருக்கு மேல். திருவனந்தபுரம் என்றால் காலையில் போய்ச் சாயங்காலம் வீடு வந்து சேரலாம். பெரிய ஆஸ்பத்திரி, கல்யாணப் புடவை, வளைகுடாவிலிருந்து வருகிற கொழுந்தனை அழைக்க விமான நிலையம் எல்லாம் எங்களுக்கு அங்கேதான். குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். சேர்ந்தது சரி, தலைநகரத்தை எங்கள் வீட்டில் முதலில் பார்த்தவன் என் மகன்தான், அதுவும் வேலைக்குப் போனபோது.

60 நாளுக்கு முன்னமே டிக்கெட் எடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில் கோட்டாரில் ரயில் ஏறினேன். கையில் ஒரு சாக்குப் பை நிறைய முந்திரிக்கொத்தும், ஏத்தங்காய் வற்றலும், துணியில் சுற்றிய மட்டிக்குலையும். சனிக்கிழமை காலை தாம்பரத்தில் இறங்கினேன். அதிலிருந்து அன்று ராத்திரி வரை என் கால் சென்னைத் தரையில் சரியாகப் பட்டதே இல்லை.

உண்மையாகத்தான் சொல்கிறேன். ஸ்டேஷன் வாசலில் கார். வீட்டிலிருந்து ஒரு மாலுக்குக் கார். அங்கே நகரும் படியில் ஏறும்போது, ஆபரேஷன் முடிந்தவளைப் பிடிப்பதுபோல என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். கூட்டமான நாளில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இடுப்பில் அவனையும் கையில் ரேஷன் அரிசியையும் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் பஸ் ஏறினவள் நான். சொல்லவில்லை. பிள்ளைக்கு ஓர் ஆசை, இருக்கட்டும் என்று விட்டேன். தண்ணீர் வேண்டும் என்றால், "நீ இரி, நான் வாங்கிட்டு வாறேன்." விலை என்ன என்று கேட்டால், "அது உனக்கு எதுக்கு?" சாயங்காலம் மெரினாவுக்குக் கூட்டிப்போனான். குமரிக்காரிக்குக் கடல் காட்டுகிறான்! ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். முட்டத்தில் பாறையில் நின்றால் காலடியில் அலை. இங்கே ரோட்டிலிருந்து தண்ணீரைத் தொட ஒரு வயல் அளவு மணலில் நடக்க வேண்டும். அந்த மணல் எனக்குப் பிடித்தது. பாதி தூரம்கூட நடக்கவில்லை, "கால் வலிக்கும், போதும்மா" என்று திருப்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆபீசிலிருந்து அவனுக்கு அவசர வேலை வந்தது. கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டான். எனக்கு ராத்திரிதான் ரயில். "நான் மாம்பலம் வரைக்கும் போயிட்டு வாறேன் மக்களே" என்றேன். "ஒத்தைக்கா? போவாண்டாம்" என்றான். என் மருமகள்தான் ஒரு துண்டுக் காகிதத்தில் வீட்டு விலாசமும், இரண்டு போன் நம்பரும், குரோம்பேட்டையிலிருந்து மாம்பலம் வரை வரிசையாக ஸ்டேஷன் பெயர்களும் எழுதித் தந்தாள். படித்த பிள்ளை, ஆனால் விவரமும் உண்டு.

கவுண்டரில் கேட்டு வாங்கிய டிக்கெட் ஒரு சாயாவின் விலைகூட இல்லை. பெண்கள் பெட்டியில் ஜன்னல் ஓரம். பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை என்று காகிதத்தில் ஒவ்வொன்றாக விரலை நகர்த்திக்கொண்டே போனேன். எதிரே ஒரு பூக்காரம்மா. "பிச்சி இருக்கா?" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. கூடையைக் காட்டினேன். "ஜாதிமல்லியா?" என்றாள். தோவாளைச் சந்தையில் பிச்சியாக இருப்பது இங்கே வந்து பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு முழம் வாங்கி வைத்துக்கொண்டேன். நான் பேசுவதைக் கேட்டு, "கேரளாவா?" என்றாள். இந்தக் கேள்வி உங்களுக்கெல்லாம் பழகியிருக்கும்.

மாம்பலத்தில் இறங்கி, 2023-ல் திறந்த அந்த நடைமேம்பாலம் வழியாகத் தி.நகர் பஸ் நிலையம் போனேன். ரங்கநாதன் தெருவின் நெரிசலை மேலே நின்று பார்க்கலாம், இடிபட வேண்டாம். அப்புறம் விசாரித்து விசாரித்து ஜி.என். செட்டி ரோட்டுக்கு நடந்தேன். அங்கே நம்ம கலைவாணர் சிலை இருக்கிறது. ஒழுகினசேரிக்காரர். 1969 ஜனவரியில் அண்ணா உடம்பு முடியாத நிலையில் வந்து திறந்துவைத்த சிலை. அவர் கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சியும் அதுதான், அடுத்த மாதம் 3-ம் தேதி இறந்துவிட்டார். என் அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டது. வண்டி இரைச்சலுக்கு நடுவே கொஞ்ச நேரம் அங்கே நின்றேன். மகனிடம் இதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கே போகலாம் என்று அவன் என்னிடம் கேட்கவே இல்லையே.

அங்கிருந்து மெரினாவுக்கு எதிரே இருக்கிற ஐஸ் ஹவுஸ். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பது 2021-லிருந்து நம்ம ஊரில் இருப்பதுபோல அங்கேயும்தான். சாதாரணக் கட்டண பஸ்ஸாகப் பார்த்து ஏற வேண்டும், அவ்வளவுதான். ஏறினேன். தப்பான பஸ். இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி, கேட்டு, சரியான பஸ்ஸில் ஏறினேன். தப்பான பஸ்ஸுக்கும் காசு இல்லை என்பதால் மனசும் கெடவில்லை.

ஐஸ் ஹவுஸ் என்பது 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கக் கட்டிய இடமாம். 1892 டிசம்பரில் நம்ம கன்னியாகுமரிப் பாறையில் இருந்த விவேகானந்தர், அமெரிக்கா போய்த் திரும்பி வந்தபோது, 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் தங்கியது இந்த வீட்டில்தான். உள்ளே போக நேரம் இல்லை. ரோட்டைக் கடந்து, முந்தின நாள் பாதியில் விட்ட அந்த மணலில் தண்ணீர் வரைக்கும் நடந்தேன். கால் வலிக்கத்தான் செய்தது.

போனை எடுத்துப் பார்த்தால் மகனிடமிருந்து 14 அழைப்பு.

மக்களே, நீங்கள் கொண்ட அக்கறை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இரண்டு நாள் இருக்க வருகிற அம்மையையும் அப்பனையும் பொட்டலம்போல இங்கே ஏற்றி அங்கே இறக்காதீர்கள். ஒரு நேரமாவது, காலையோ சாயங்காலமோ, எங்களை எங்கள் போக்கில் விடுங்கள். என் மருமகள் தந்ததுபோல ஒரு காகிதம் போதும். போனில் அனுப்பினால் சார்ஜ் தீரும், கண்ணாடி தேட வேண்டும். எந்தப் பக்கத்து பிளாட்பாரம் என்பதை மட்டும் நினைவாக எழுதுங்கள், அதில்தான் தடுமாறுகிறோம். முடியாதவர்களும் இருப்பார்கள், அவர்களோடு நீங்கள் போங்கள். ஆனால் முடியுமா முடியாதா என்பதை அவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட வேண்டாம். பஸ் ஓடும்போது போனை எடுக்கப்போய்த்தான் நான் இறங்க வேண்டிய இடத்தையே விட்டிருப்பேன்.

தை மாதம் பொங்கல் கழிந்து மறுபடியும் வரலாம் என்று இருக்கிறேன். இந்தமுறை டிக்கெட்டை நானே கோட்டார் ஸ்டேஷன் கவுண்டரில் எடுத்துக்கொள்கிறேன். எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமை லீவாம், அதனால் சனிக்கிழமை அங்கே. மகன் வேண்டுமானால் கூட வரட்டும்.

இப்படிக்கு,
தக்கலைப் பக்கத்து அம்மா ஒருத்தி