கத்திப் பிடி நிமிர்த்துவது பற்றி

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய படத்தை அம்மாவின் போனில் பெருப்பித்துப் பார்த்தேன். அப்பப்பாவின் சவரக்கத்திதான். பிடியின் இரண்டு பக்கமும் ஒரே திசைக்கு வளைந்திருக்கிறது. பயப்படாதே, கொம்பில் செய்த பிடிதானே, நிமிரும். ஆனால் அதுவரைக்கும் கத்தியை மடிக்காதே. அலகு கொம்பில் உரசினால் கூர் போய்விடும், பிடியும் கீறுப்படும்.

ஏன் வளைந்தது என்று கேட்டாய். கொம்பும் நகமும் தலைமயிரும் கெரட்டின் என்கிற ஒரே பொருள்தான். ஈரத்தைக் குடிக்கும், காய்ந்தால் சுருங்கும். இரண்டு முகமும் சமமாகக் காய்ந்தால் பிரச்சினை இல்லை. ஒரு முகம் மட்டும் சூட்டில் காய்ந்தால் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். படத்தில் கத்தி ஹீட்டருக்கு மேலே கிடக்கிறது. முன்பு நீ வீடியோவில் காட்டிய குளியலறையில் இதற்கென்றே ஒரு மரத்தட்டு அடித்து வைத்திருந்தாயே? சுவரும் வேறு நிறமாகத் தெரிகிறது. ஒருவேளை வெளிச்சமாக இருக்கும்.

சரி, வேலையைச் சொல்கிறேன். அலகையும் பிடியையும் பிணைக்கிற அச்சாணியைக் கழற்றாதே. கழற்றினால் புதுப் பித்தளை ஆணி போட்டுத் தட்ட வேண்டும், அந்தக் கைப்பழக்கம் உனக்கில்லை. அலகை முழுக்கத் திறந்து எண்ணெய் பூசி விடு. கேத்தில் கொதித்து அடங்கிய பிறகு அந்தத் தண்ணீரில் பிடியின் வளைந்த இடத்தைச் சில நிமிடம் அமிழ்த்தி வை. அச்சாணிப் பக்கம் தண்ணீருக்கு வெளியே இருக்கட்டும். அடுப்பில் வைத்து அவிக்காதே, கொம்பு ஏடு ஏடாகப் பிரியும். உருக்கின் பதம் இந்தச் சூட்டுக்குப் போகாது, துருவுக்குத்தான் பயப்பட வேண்டும். இது எருமைக் கொம்பு என்றபடியால்தான் சூடு காட்டச் சொல்கிறேன். செல்லுலாயிட் பிடியென்றால் வேண்டாம் என்பேன், அது எளிதில் தீப்பிடிக்கிற பழைய பிளாஸ்டிக்.

கொம்பு இளகியதும் பிடியின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மெல்லிய பலகைச் சீவல் ஒன்றை வை. வெளியே இரண்டு பக்கமும் மட்டமான பலகை வைத்துக் கிளாம்பால் இறுக்கு. எதிர்ப்பக்கமாக ஒரு துளி கூடவே வளைத்து வை, விட்டதும் கொஞ்சம் பின்வாங்கும். பிறகு இரவு முழுக்கத் தொடாதே. சூடு ஆற முதல் அவிழ்த்தால் பழையபடி வளையும். அவசரப்படாதே. ஆறிய கொம்பைக் கையால் வலிந்து நிமிர்த்தவும் பார்க்காதே, ஆணித்துளையில் வெடித்துவிடும். ஒருமுறையில் சரிவராவிட்டால் திரும்பவும் சூடாக்கிச் செய். அவசரம் மட்டும் வேண்டாம்.

காய்ந்த கொம்புக்கு மாட்டுக்குளம்பு எண்ணெய் நல்லது. குதிரைச் சேணம் விற்கிற கடைகளில் இருக்கும். தேங்காய் எண்ணெய் பூசாதே, சிக்கு மணம் வரும்.

அப்பப்பா கொழும்பில் கிளறிக்கல் வேலையில் இருந்தபோது வாங்கிய கத்தி. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் சாவகச்சேரிக்கு நடந்தபோது அம்மா குசினிச் சாமான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு வந்தார். நீ இதில் சவரம் செய்கிறாய் என்று வாசிகசாலையில் நான் சொல்லாத ஆள் இல்லை. அப்படிப்பட்ட சாமானை ஹீட்டருக்கு மேலே போடலாமா? தைப்பொங்கலுக்குப் பிறகு நீ எழுதிய முதல் கடிதம் இது, அதில் ஒரு வரிகூடக் கத்தியைத் தவிர வேறொன்றையும் பற்றி இல்லை. கேட்டதற்குச் சந்தோஷம்தான். யூடியூப்பைப் பார்க்காமல் என்னைக் கேட்டாய்.

அலகில் சோலிங்கன் என்று வெட்டியிருக்கும், பார். ஜேர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர். கண்டவர்களெல்லாம் அந்தப் பெயரைக் கத்தியில் போட முடியாதபடி 1938இலேயே சட்டம் வைத்தார்கள். கொலோனில் இருந்து ரயிலில் அரை மணித்தியாலம்கூட இல்லை. கிறாஃப்ராத் என்கிற பகுதியில் பழைய கன்னியர் மடத்துக்குள் கத்திகளுக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போய்ப் பாருங்கள். மருமகளுக்கு இதெல்லாம் விருப்பமோ தெரியாது, ஆனால் ஹம் அம்மன் கோயில் தேருக்குப் போனபோது கடைகடையாக நின்று பார்த்தவர்தானே. இரண்டு பேருமாகப் போங்கள்.

இங்கே மழை இல்லை. மற்றப் புதினங்களை அம்மா எழுதுவார்.

பிடி நிமிர்ந்ததும் கத்தியை மெதுவாக மடித்து, மேலே இருந்து படம் எடுத்து அனுப்பு. அலகு நடுவில் இறங்குகிறதா என்று நான் பார்க்க வேண்டும். இன்னொன்று, மருமகளின் நம்பருக்கு அம்மா எடுத்தால் மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. நம்பர் மாறியிருந்தால் எழுது. உன் விலாசமும் மாறியிருந்தால் அதையும் எழுது, பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் கட்டி வைத்திருக்கிறார், பழைய விலாசத்துக்கு அனுப்பட்டுமா என்று தினமும் கேட்கிறார்.

அப்பா