பிரிட்டிஷ் ட்ரெஷரிக்கு ஒரு திறந்த மடல்: அமெரிக்கா கடன் சரி, எங்க ஸ்டெர்லிங்?

லண்டன் ட்ரெஷரி, அதாவது பிரிட்டிஷ் நிதியமைச்சக அதிகாரிகளுக்கு வணக்கம்.

2006 டிசம்பர் கடைசியில அமெரிக்காவுக்கு 8 கோடி டாலர் சொச்சம் அனுப்பி, ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சப்போ வாங்குன கடனை முழுசா அடைச்சிட்டோம்னு உங்க மந்திரி பெருமையா சொன்னாரு. சொல்லட்டும், தப்பில்ல. ஆனா இந்தக் கதையை எப்ப சொன்னாலும் அதே பேரேட்டுல இருக்கிற, இந்தியாவுக்கு நீங்க தர வேண்டியிருந்த போர்க்கால பாக்கிக் கணக்கை மட்டும் புரட்டாமலே விட்டுடறீங்க.

உங்க வருத்தம் நியாயம்தான். ஜப்பான் பணிஞ்ச ஒரே வாரத்துல அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன், கூட்டாளி நாடுங்களுக்குக் கைக்காசு வாங்காம போர்ச் சாமான் குடுத்த லெண்ட்-லீஸ் திட்டத்தை நிறுத்திட்டாரு, ஏற்றுமதி படுத்துக் கிடக்கு, சாப்பாட்டுச் சாமான் இறக்கவே டாலர் இல்ல. கூட நின்னு சண்டை போட்டோமே, இனாமாவே தருவாங்கன்னு உங்க பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ் வாஷிங்டன் போனாரு, கெடச்சது 375 கோடி டாலர் கடன், 2 சதவீத வட்டி, 50 தவணை. போதாததுக்கு ஸ்டெர்லிங்கை, அதாவது உங்க பவுண்டை, டாலரா மாத்த விடணும்னு கண்டிஷன் வேற. 1947 ஜூலை 15 தொறந்து விட்டீங்க, டாலர் ஓடுன ஓட்டத்துல ஆகஸ்ட் 20ஆம் தேதி இழுத்து மூடிட்டீங்க.

இப்போ எங்க கணக்குக்கு வாங்க. போருக்கு இந்தியாவுல நீங்க வாங்குன துணி, தளவாடம், சிப்பாய்ங்க செலவு இதுக்கெல்லாம் கையில காசு வரல, லண்டன்ல ஸ்டெர்லிங்னு வரவு எழுதுனீங்க, அதைக் காட்டி இங்க ரிசர்வ் பேங்க் நோட்டு அடிச்சுது, விலைவாசி எகிறிச்சு, 1943ல வங்காளத்துல அரிசி ஏழைங்களுக்கு எட்டாமப் போனதுக்கு அந்த விலையேத்தமும் ஒரு காரணம். போர் முடியறப்போ நீங்க எங்களுக்குத் தர வேண்டியது சுமார் 130 கோடி பவுண்டு. உங்களுக்குக் கடன் குடுத்தவங்கள்ல யாருக்கும் இவ்ளோ பாக்கி இல்ல!

1944ல அமெரிக்காவுல பிரெட்டன் வுட்ஸ்ல நடந்த சர்வதேச நிதி மாநாட்டுல, இந்தியா தரப்புல போன நம்ம கோயமுத்தூர் சண்முகம் செட்டியாரும் ஏ.டி. ஷ்ராஃபும் இந்த பாக்கில ஒரு பங்கையாவது டாலரா மாத்த வழி பண்ணுங்கன்னு கேட்டாங்க. பேங்க்ல மில்லியன் டாலர் கெடக்கு, டாக்ஸிக்கு குடுக்க சில்லறை இல்லங்கற மாதிரி எங்க நெலமைன்னார் ஷ்ராஃப். கெய்ன்ஸ் இந்திய நண்பர்களுக்கு அழகா நன்றி சொல்லிட்டு, அதை நமக்குள்ள தனியா பேசிக்கலாம்னு முடிச்சிட்டாரு. வர்த்தகத்துல உபரி வெச்சிருக்கிற நாடும் கடன்பட்ட நாட்டோட பாரத்தை சுமக்கணும்னு அமெரிக்கா கிட்ட மல்லுக்கு நின்ன அதே மனுஷன்.

எனக்கு ரொம்ப எரியறது அந்த அமெரிக்கக் கடனுக்காகப் போட்ட 1945 டிசம்பர் 6 ஒப்பந்தம்தான். ஸ்டெர்லிங் பாக்கில கொஞ்சம் உடனே விடறது, கொஞ்சம் தவணையில விடறது, மிச்சத்தை போர்ச்செலவுக்கு பங்களிப்புன்னு கழிச்சிக்கறதுன்னு அதுல எழுதியிருக்கு. பணம் எங்களுது, கையெழுத்து போட்டது நீங்களும் வாஷிங்டனும்! சர்ச்சிலோ இந்தியாவைக் காப்பாத்துனதுக்கு இந்தியாதான் பிரிட்டனுக்குக் கடன்பட்டிருக்குன்னு எதிர்க்கணக்கு கொண்டு வரப் பாத்தாரு.

ஏமாத்திட்டீங்கன்னு சொல்ல வரல. கழிக்கறதை நாங்க ஒத்துக்கல, நீங்களும் கடைசில குடுத்துட்டீங்க. ஆனா எப்போ எவ்ளோ எடுக்கலாம்ங்கற சாவி உங்க கையில இருந்துச்சு. இந்தியாவோட போட்ட 1948 ஒப்பந்தத்துல உங்க ஆளுங்க விட்டுட்டுப் போன ராணுவ சாமானுக்கும் உங்க அதிகாரிங்க பென்ஷனுக்கும் இதுலேர்ந்தே பெரிய தொகை போச்சு. அடுத்த வருஷம் பவுண்டை 4.03 டாலர்லேர்ந்து 2.80க்கு இறக்குனீங்க, ரூபாயும் கூடவே இறங்குனதால ரூபா கணக்குல நட்டம் தெரியல, டாலர்ல பாத்தா மிச்சமிருந்ததுல 30 சதவீதம் காலி. டாலர்ல வாங்குன அமெரிக்கா கடனுக்கு அந்தச் சலுகை கெடைக்கல பாருங்க.

காசு எதுவும் கேக்கல. அடுத்த தடவை போர்க்கடன் வரலாறுன்னு ஏதாவது வெளியிட்டா ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல அச்சடிங்க. அப்படியே முதல் உலகப்போருக்கு அமெரிக்கா கிட்ட வாங்குன கடனை 1934லேர்ந்து கட்டாம வெச்சிருக்கிறதையும் கீழ ஒரு வரி சேத்துடுங்க.

இப்படிக்கு,
அந்த பாக்கியில பங்கு உள்ள நாட்டுக்காரன் ஒருத்தன்