ஃபுஜி மைதானம் என்று பணம் வாங்கி ஓஷிமாவில் பதிவு செய்தது பற்றிய புகார்

அனுப்புநர்: ஜூன் மாத ஜப்பான் கோல்ஃப் பயணத்துக்கு நான்கு பேர் சார்பில் பதிவு செய்தவர், சென்னை.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மைதானம் மாறியது, வராத வரியை வசூலித்தது ஆகியவற்றுக்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்டல்.

ஐயா / அம்மா,

ஜப்பானின் கவானா ஹோட்டலில் உள்ள ஃபுஜி மைதானத்தில் கோல்ஃப் ஆட உங்கள் பயண நிறுவனத்திடம் பணம் கட்டினோம். நீங்களோ அங்குள்ள ஓஷிமா மைதானத்தில் பதிவு செய்திருந்தீர்கள். ஊர் திரும்பியதும் உங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை ஃபோன் செய்தேன். மூன்று முறையும் "ரெண்டுமே கவானாதானே சார், ஒரே ஹோட்டல்தானே" என்ற பதில்தான் கிடைத்தது. அதனால்தான் இப்போது எழுத்தில் தருகிறேன்.

ஒரே ஹோட்டல்தான். ஆனால் அங்கே மைதானம் இரண்டு. 1928-ல் திறந்தது ஓஷிமா. 1936-ல் வந்தது ஃபுஜி. சார்லஸ் ஹ்யூ ஆலிசன் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. 1981 முதல் 2004 வரை ஃபுஜிசங்கேய் கிளாசிக் போட்டி நடந்ததும், அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து பெண்களுக்கான போட்டி நடப்பதும் இந்த ஃபுஜியில்தான். உங்கள் விளம்பரத் தாளின் முதல் பக்கத்தில் கடலோரப் பாறைக்கு மேலே புல்வெளி போகிற படம் இருக்கிறதே, அதுவும் ஃபுஜிதான். நாங்கள் இரண்டு நாளுக்குப் பணம் கட்டியது அந்தப் படத்தைப் பார்த்து. நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்திலும் இரண்டு நாளுக்கும் ஃபுஜி என்றே இருக்கிறது (நகல் இணைத்துள்ளேன்).

முதல் நாள் காலை ஏழு மணிக்கு வரவேற்பு மேசையில் போய் நின்றால், எங்கள் பெயர் இரண்டு நாளும் ஓஷிமாவில். அந்தப் பெண் கணினியை இரண்டு முறை பார்த்துவிட்டு, தப்பு தன்னுடையது போலத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். எனக்குத்தான் சங்கடமாகப் போயிற்று. உங்கள் அவசர உதவி எண்ணை அழைத்தேன். இந்தியாவில் அப்போது விடிகாலை மூன்றரை, யாரும் எடுக்கவில்லை. ஜப்பானுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் வைத்திருக்கும் அவசர எண், ஜப்பானில் காலையாக இருக்கும்போது வேலை செய்யக் கூடாதா?

ஓஷிமாவை நான் குறை சொல்லவில்லை. நீளம் குறைவு, கடல் தெரிகிறது, என் மாமனார் சந்தோஷமாகவே ஆடினார். தன் பெயருக்குக் காரணமான தீவை அங்கிருந்து நன்றாகப் பார்க்கலாம். 1986-ல் அந்தத் தீவின் எரிமலை வெடித்தபோது ஊர் மொத்தத்தையும் கப்பலில் ஏற்றி வெளியேற்றினார்களாம். ஆனால் மசால் தோசைக்குக் காசு வாங்கிக்கொண்டு இட்லி வைத்தால், இட்லி நன்றாக இருந்தது என்பதற்காக யாரும் மீதிச் சில்லறையை விட்டுவிட்டு வருவதில்லை.

இரண்டாம் நாள் ஃபுஜியில் ஆட முடிந்ததற்கும் நீங்கள் காரணமில்லை, மழைதான் காரணம். அன்று மழை என்று சொல்லியிருந்ததால் ஒரு குழு ரத்து செய்ய, அந்த இடத்தை ஹோட்டல்காரர்கள் எங்களுக்குக் கொடுத்தார்கள். கூடுதல் கட்டணத்தை என் கார்டில் கட்டினேன். அதாவது ஃபுஜிக்கு உங்களிடம் ஒரு முறை, அங்கே ஒரு முறை.

ஆடிய பிறகுதான் என் கோபம் கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாளில் "குடும்பத்தோடு நிதானமாக ஆட ஏற்ற எளிய மைதானம்" என்று போட்டிருக்கிறீர்கள். எழுதியவர் அங்கே போனதே இல்லை என்று அடித்துச் சொல்வேன். முதல் ஹோலிலேயே டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், நின்றால் தரை காலுக்குக் கீழே கடலைப் பார்த்துச் சரிகிறது. கிண்டியில் ரேஸ் கோர்ஸுக்கு நடுவே சமதளத்தில் ஆடிப் பழகிய எனக்கு, பந்தை அடிப்பதா, பிடித்துக்கொண்டு இறங்குவதா என்று தெரியவில்லை. கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தரையில், இருப்பது கொரை என்ற கொரியப் புல். இழை தடிப்பானது, ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். சாய்ந்த பக்கம் தட்டினால் பந்து நிற்காது, எதிர்ப்பக்கம் தட்டினால் நகராது. இறக்கம் என்று நினைத்து மெல்லத் தட்டிய பந்து பாதி வழியில் நின்றபோது ஆட்டத்துக்கு உதவ எங்களோடு வந்த கேடி (caddie) அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் அவர் கை காட்டிய திசையில்தான் அடித்தோம்.

பங்கர்கள் என்கிற மணல் குழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானில் ஆழமான பங்கருக்கே ஆலிசன் என்று பெயர் நிலைத்துவிட்டது. ஒன்றில் இறங்கி நின்றபோது மேலே நின்ற மாமனாரின் தொப்பி மட்டும் தெரிந்தது. ஆறாவது அடியில் வெளியே வந்தேன். பதினைந்தாவது ஹோல் கடலோரமாகவே போகிறது. அங்கே நான் இரண்டு பந்துகளைப் பசிபிக்குக்குக் கொடுத்தேன், வருத்தமே இல்லை. அவ்வளவு அழகான, கடினமான இடம். அதை "எளிய மைதானம்" என்று சொல்லி 73 வயதுக்காரரை அனுப்பிவைத்திருக்கிறீர்கள்.

அவர் வயது இன்னொரு விஷயத்துக்கும் வருகிறது. ஜப்பானில் கோல்ஃப் ஆடுகிறவர்களிடம் மாகாண அரசு ஒரு வரி வாங்குகிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் எழுபது வயது ஆனவர்களுக்கும் அது கிடையாது. வயதுக்கான சான்று காட்டினால் போதும். அவர் பாஸ்போர்ட் நகல் ஜனவரி முதல் உங்களிடம்தான் இருக்கிறது. இருந்தும் உங்கள் பில்லில் நான்கு பேருக்கும் இரண்டு நாள் வரி போட்டிருக்கிறீர்கள். ஹோட்டலில் அவருக்கு அதை வாங்கவில்லை. பெரிய தொகை இல்லைதான். ஆனால் யாரிடம் போனது?

பைகள் விஷயம். அங்கெல்லாம் கோல்ஃப் பையை முந்தின நாளே கூரியரில் மைதானத்துக்கு அனுப்பிவிட்டுக் கையை வீசிக்கொண்டு ரயிலேறுகிறார்கள். 1980களில் இருந்தே இதற்கென்று தனிச் சேவை இருக்கிறது. நாங்களோ நான்கு பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அடாமியில் புல்லட் ரயிலை விட்டு இறங்கி, உள்ளூர் ரயில் பிடித்து கவானா நிலையம் போனோம். ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

ஃபுஜி மலை நான்கு நாளில் ஒரு நிமிடம்கூடத் தெரியவில்லை. அதற்கு உங்களைப் பொறுப்பாக்க மாட்டேன். ஆனால் ஜூன் மாதம் அங்கே மழைக்காலம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "தெளிந்த வானம், பின்னணியில் ஃபுஜி" என்று அச்சிட்டது நீங்கள்தானே.

எனக்கு வேண்டியது: முதல் நாள் ஓஷிமாவுக்கும் ஃபுஜிக்கும் உள்ள கட்டண வித்தியாசம், நால்வருக்கும், இரண்டாம் நாள் என் கார்டில் கட்டிய கூடுதல் தொகை, மாமனாருக்கு வசூலித்த இரண்டு நாள் வரி. ரசீதுகள் எல்லாம் இணைப்பில் உள்ளன. அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருவதாக உங்கள் ஊழியர் சொன்னார். அது வேண்டாம், பணமாகத் தாருங்கள். முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

அந்த "எளிய மைதானம்" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மாமனாரோடு ஜூன் பயணத்தில் வந்த வாடிக்கையாளர்

இணைப்பு: பயணத் திட்டம், உங்கள் பில், ஹோட்டல் ரசீதுகள், மாமனாரின் பாஸ்போர்ட் நகல் (மறுபடியும்).